மூல ஓலை

சென்ற மாதம் ஒரு கல்யாணத்துக்காகத் திருவெண்ணெய்நல்லூர் போக நேர்ந்தது. அந்த ஊர்ப் பக்கத்தில் கல்யாணம் என்றால் சற்று ஜாக்கிரதையாக இருக்க வேண்டும் என்று என் நண்பர் ஒருவர் வேடிக்கையாகச் சொல்வார். மாப்பிள்ளை மணையில் உட்காரும் சமயம் பார்த்து ஒரு கிழவர் ஓலையும் கையுமாக வந்து நின்று, "இவன் என் அடிமை!" என்று சொன்னாலும் சொல்லிவிடுவாராம்.

நல்ல வேளையாக நான் போன கல்யாணத்தில் எந்தக் கிழவரும் வரவில்லை. ஆனால் ஓலை வந்தது. கல்யாணத்துக்கு முதல் நாளே, விழுப்புரத்தில் நான் ஏறிய பஸ்ஸில், ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் இருந்துகொண்டு என் பக்கத்து ஆசனத்துக்கு வந்து சேர்ந்தது.

உறையை வைத்திருந்தவர் ஓர் இளைஞர். இருபத்து மூன்று, இருபத்து நான்கு வயதிருக்கும். ஐ.டி.ஐ.யில் வெல்டர் தொழில் படித்தவர். சென்னையில் நடந்த 'ட்ரேட் டெஸ்ட்'டில் இரும்புக் குழாய்களை ஒட்டிக் காட்டித் தேறிவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தார். வளைகுடா நாடு ஒன்றில் வேலை. சம்பளம் எவ்வளவு என்று நான் கேட்கவில்லை, அவரே சொன்னார். சொல்லும்போது முகத்தில் ஒரு பிரகாசம் தோன்றியது. பிறகு உறையைத் திறந்து ஒவ்வொரு காகிதமாக எடுத்துக் காட்டினார். படிப்புச் சான்று, பாஸ்போர்ட்டின் முதல் பக்கம், வேலை உத்தரவு மாதிரி ஏதோ ஒன்று. எல்லாம் ஜெராக்ஸ் பிரதிகள்.

"ஒரிஜினல் எங்கே, தம்பி?" என்றேன்.

"எல்லாம் ஏஜெண்ட் கிட்ட இருக்கு சார். பாஸ்போர்ட்டும் அங்கதான்."

"ஒப்பந்தத்தைப் படித்துப் பார்த்தீர்களா?"

"அக்ரிமெண்டை அங்க போனதும் குடுப்பாங்களாம் சார்."

பஸ் ஊருக்குள் நுழைந்தது. தொலைவில் கோபுரம் தெரிந்தது. அதைப் பார்த்ததும் எனக்கு அந்தப் பழைய வழக்கு ஞாபகத்துக்கு வந்தது.

வழக்கை நேயர்கள் அறிவீர்கள். திருநாவலூரில் பிறந்து, நரசிங்க முனையரையர் என்னும் சிற்றரசரிடம் செல்வாக்காக வளர்ந்தவர் நம்பி ஆரூரர் என்ற சுந்தரர். புத்தூரில் அவருக்குக் கல்யாணம். அந்தச் சமயத்தில் குடையும் தண்டும் ஏந்தி ஒரு வயோதிகர் பந்தலுக்குள் வந்தார். "உனக்கும் எனக்கும் ஒரு பழைய வழக்கு இருக்கிறது, அதைத் தீர்த்துவிட்டுத் தாலி கட்டு" என்றார். என்ன வழக்கு? மாப்பிள்ளை அவருக்கு அடிமையாம். மாப்பிள்ளையின் பாட்டனார் வழிவழியாக அடிமை செய்வதாக எழுதிக் கொடுத்த ஓலை இருக்கிறதாம்.

சுந்தரர் சிரித்தார், "பித்தனோ!" என்று கேட்டார். பிறகு கோபம் வந்தது. கிழவரைத் துரத்திப் பிடித்து, ஓலையைப் பறித்து, கிழித்து எறிந்தார். கிழவர் அசையவில்லை. "நீ கிழித்தது படி ஓலை. மூல ஓலை என் ஊரான திருவெண்ணெய்நல்லூரில் இருக்கிறது" என்றார். எல்லாரும் இந்த ஊர்ச் சபைக்கு வந்தார்கள். அந்தணர் அந்தணருக்கு அடிமையாவது உலகத்தில் உண்டா என்று சபையோருக்கே சந்தேகம். நடைமுறை வழக்கம், எழுத்துப் பத்திரம், நேரில் கண்டவர் சாட்சி ஆகிய மூன்றில் ஒன்றைக் காட்ட வேண்டும் என்றார்கள். கிழவர் மூல ஓலையைக் கொடுத்தார். சபைக் கணக்கர் அதை எல்லாரும் கேட்கப் படித்தார். அத்துடன் விடவில்லை. பாட்டனார் கைப்பட எழுதிய வேறோர் ஓலையைக் காப்பிலிருந்து வரவழைத்து, இரண்டு எழுத்தையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். எழுத்து ஒத்திருந்தது. தீர்ப்புக் கிழவர் பக்கம். "உம்முடைய வீடு எங்கே?" என்று கேட்டார்கள். அவர் அருட்டுறைக் கோயிலுக்குள் நுழைந்து மறைந்தார். மிச்சத்தைத் தமிழ்நாடு அறியும்.

கோயிலில் இன்றும் வழக்கு வென்ற அம்பலம் என்று ஒரு மண்டபத்தைக் காட்டுகிறார்கள். மறுநாள் முகூர்த்தம் முடிந்ததும் அங்கே போய்ச் சற்று நேரம் உட்கார்ந்திருந்தேன். பக்தர்கள் இந்த வரலாற்றில் இறைவனின் கருணையைக் காண்கிறார்கள். அது சரியே. ஆனால் அன்று என் மனம் என்னவோ அந்த ஓலையையே சுற்றிச் சுற்றி வந்தது. வேலைக்கு ஆள் கேட்டு வந்த எஜமானர் கடவுளாகவே இருந்தாலும், அவர் மூலப் பத்திரத்தைக் காட்ட வேண்டியிருந்தது! கட்டுப்பட வேண்டியவன் காதில் விழும்படி அதைப் படிக்க வேண்டியிருந்தது! எஜமானரின் சொந்த ஊரே ஆனாலும் சபை அவர் சொன்னதை அப்படியே ஏற்றுக்கொள்ளவில்லை. அந்த நாளைக்குப் பிறகு இந்தப் பிரதேசத்திலிருந்து எத்தனையோ பேரை எத்தனையோ எஜமானர்கள் ஓலை காட்டி அழைத்துப் போயிருக்கிறார்கள். அவர்களில் எத்தனை பேருக்கு இந்த மரியாதை கிடைத்தது?

இந்தக் கேள்விக்குப் பதில் தேடப் போனால் முதலில் புதுச்சேரிக்குப் போக வேண்டும். விழுப்புரத்துக்குக் கிழக்கே ஒரு மணி நேரப் பிரயாணம். பதினெட்டாம் நூற்றாண்டில் அங்கே கொடி கட்டி ஆண்ட பிரெஞ்சுக்காரர்களுக்கு இந்து மகாசமுத்திரத்தில் இரண்டு தீவுகள் இருந்தன. இன்று மொரீஷியஸ் என்றும் ரெயூனியன் என்றும் சொல்கிறோம். 1735-ஆம் ஆண்டில் அத்தீவுகளுக்குக் கவர்னராக வந்தவர் லாபூர்தொனே. போர்ட் லூயி துறைமுக நகரத்தை அவர் கட்ட ஆரம்பித்தபோது கல்லும் மரமும் கிடைத்தன. அவற்றைச் செதுக்கத் தெரிந்த கை போதவில்லை. புதுச்சேரியிலிருந்து கொத்தர்களையும் தச்சர்களையும் வரவழைத்தார். தொழில் தெரிந்தவனைத் தேடி எஜமானன் கடல் தாண்டி ஆள் அனுப்பியது இந்தக் கரையில் அப்போதே நடந்த சங்கதி. கரும்பு வெட்டுவதற்காகக் கூட்டம் கூட்டமாக ஆள் போனது அதற்கு நூறு ஆண்டுகள் கழித்துத்தான்.

அந்த நூறு ஆண்டுகளில் உலகத்தில் ஒரு பெரிய மாறுதல் ஏற்பட்டது. பிரிட்டிஷ் குடியேற்ற நாடுகளில் 1834-ஆம் ஆண்டிலும், பிரெஞ்சுக் குடியேற்ற நாடுகளில் 1848-ஆம் ஆண்டிலும் அடிமை முறை ஒழிக்கப்பட்டது. தர்மம் ஜயித்தது, ஆனால் கரும்பு ஜயித்த தர்மத்தைப் பார்த்துக்கொண்டு தானாக வெட்டுப்படவில்லை. தோட்ட முதலாளிகள் இந்தியாவைத் திரும்பிப் பார்த்தார்கள். அடிமை என்ற சொல்லை விட்டுவிட்டு ஒப்பந்தம் என்ற சொல்லை எடுத்துக்கொண்டார்கள். 'அக்ரிமெண்ட்' என்ற ஆங்கில வார்த்தை கூலிகளின் நாவில் 'கிரிமிட்' ஆயிற்று.

இனிக் கதவுகளின் கதையைக் கேளுங்கள். மொரீஷியஸுக்குப் போனவர்கள் படும் பாட்டைப் பற்றிச் சீமையிலும் கல்கத்தாவிலும் கூச்சல் எழவே, 1839-ஆம் ஆண்டில் இந்தியா சர்க்கார் கூலிகள் கப்பலேறுவதையே தடை செய்தார்கள். தோட்ட முதலாளிகள் சும்மா இருப்பார்களா? 1842-ஆம் ஆண்டில் மொரீஷியஸுக்கு மட்டும் கதவு மறுபடி திறந்தது. பிறகு மற்ற நாடுகளுக்கும் ஒவ்வொன்றாகத் திறந்தது. கூச்சல் பெரிதானால் கதவு சாத்தப்படும். சர்க்கரை விலை ஏறினால் கதவு திறக்கப்படும்.

நம் தென்னார்க்காட்டு மக்களுக்கோ பக்கத்திலேயே ஒரு கொல்லைப்புறக் கதவு இருந்தது. புதுச்சேரியும் காரைக்காலும் பிரெஞ்சுத் துறைமுகங்கள். ஆள் சேர்க்கும் மேஸ்திரிகள் பிரிட்டிஷ் எல்லைக் கிராமங்களில் புகுந்து, மழை பொய்த்த வருஷத்தில் வயிறு காய்ந்திருப்பவனைப் பார்த்துப் பேச்சுக் கொடுப்பார்கள். தலைக்கு இவ்வளவு என்று அவர்களுக்குக் கூலி. இந்தப் பக்கத்துச் சீமையில் எது பிரெஞ்சுக் கிராமம், எது பிரிட்டிஷ் கிராமம் என்பதே வழிப்போக்கனுக்குத் தெரியாது. ஒரு வரப்பைத் தாண்டினால் வேறு ராஜாங்கம்! இப்படிக் கப்பலேறியவர்கள் ரெயூனியனுக்குப் போனார்கள். 1853-ஆம் ஆண்டில் மார்த்தினீக் தீவுக்கும், அடுத்த ஆண்டில் குவாதலூப் தீவுக்கும் முதல் கப்பல்கள் போய்ச் சேர்ந்தன. பூமியின் மறுபக்கத்திலுள்ள அந்த இரண்டு கரீபியன் தீவுகளுக்கும் ஏறத்தாழ 67,000 இந்தியர்கள் போனதாகக் கணக்கு. இன்றும் அங்கே மாரியம்மனுக்குப் பூஜை நடக்கிறது. பூஜை செய்கிறவர் பேசும் மொழி மட்டும் தமிழ் அல்ல.

தங்கள் பிரஜைகள் இப்படிக் கொல்லைப்புறமாகப் போவதைப் பிரிட்டிஷார் ஆட்சேபித்தார்கள். கடைசியில் 1860, 1861-ஆம் ஆண்டுகளில் இரண்டு ராஜாங்கங்களும் உடன்படிக்கை செய்துகொண்டன. அதன்படி புதுச்சேரியிலும் காரைக்காலிலும் ஒரு பிரிட்டிஷ் உத்தியோகஸ்தர் இருப்பார். கப்பலேறுகிறவன் மனம் ஒப்பித்தான் போகிறானா என்று விசாரிப்பார். விசாரணை நடந்தது. பதில் சொல்கிறவனுக்குத் தான் போகும் தீவு எங்கே இருக்கிறது என்று தெரியாது. ரெயூனியனிலிருந்து புகார்கள் வந்த வண்ணமாக இருந்தன. 1879-ஆம் ஆண்டில் விழுப்புரத்துக்கும் புதுச்சேரிக்கும் இடையே ரயில் ஓடத் தொடங்கியது. மேஸ்திரிகளுக்கு எவ்வளவு சௌகரியம்! ஆனால் மூன்றே ஆண்டுகளில், 1882-ல், ரெயூனியனுக்கு ஆள் போவதை இந்தியா சர்க்கார் நிறுத்திவிட்டார்கள்.

அதே காலத்தில் சென்னைத் துறைமுகத்திலிருந்து வேறொரு திசைக்கும் கப்பல்கள் போய்க்கொண்டிருந்தன. தென்னாப்பிரிக்காவில் நேட்டால் என்ற பிரிட்டிஷ் குடியேற்றம். 1860-ஆம் ஆண்டு நவம்பர் 16-ஆம் தேதி 'ட்ரூரோ' என்ற கப்பல் சென்னையிலிருந்து முதல் கோஷ்டியுடன் டர்பன் துறைமுகத்தை அடைந்தது. ஒப்பந்தம் ஐந்து வருஷம். முதல் வருஷம் மாதத்துக்கு 10 ஷில்லிங். பிறகு வருஷத்துக்கு ஒரு ஷில்லிங் உயர்வு. உணவும் இருப்பிடமும் எஜமானன் பொறுப்பு. காகிதத்தில் ஒரு குறையும் சொல்ல முடியாது. ஆனால் அங்கே நடந்தது காகிதத்தில் கண்டபடி இல்லை. 1871-ஆம் ஆண்டில் காலம் முடிந்து சென்னைக்குத் திரும்பியவர்கள் கப்பலை விட்டு இறங்கியதும் முறையிட்டார்கள். அடி பட்டோம், கூலி பிடிக்கப்பட்டது என்றெல்லாம் சொன்னார்கள்.

அப்போது நடந்ததைக் கவனியுங்கள். நேட்டால் முதலாளிகளுக்கு அந்தச் சமயத்தில் ஆள் பஞ்சம். 1866-ஆம் ஆண்டில் பணமுடை காரணமாக அவர்களே நிறுத்திய ஆள் வரவை மறுபடி தொடங்க ஆசைப்பட்டார்கள். இந்தியா சர்க்கார், "திரும்பி வந்தவர்கள் சொல்வதற்கு முதலில் பதில் சொல்லுங்கள்" என்றார்கள். 1872-ஆம் ஆண்டில் விசாரணைக் கமிஷன் உட்கார்ந்தது. கசையடி சட்டப்படி ஒழிந்தது. இந்தியத் தொழிலாளிகளுக்கென்று 'பாதுகாவலர்' என்ற உத்தியோகஸ்தர் ஏற்பட்டார். அதன் பிறகே, 1874-ஆம் ஆண்டில், கப்பல் மறுபடி புறப்பட்டது. எழுதப் படிக்கத் தெரியாத சில ஏழைகள் துறைமுகத்தில் நின்று சொன்ன வார்த்தை ஒரு குடியேற்றத்தின் சட்டத்தையே மாற்றியது. திருவெண்ணெய்நல்லூர்ச் சபை ஒரு கணம் கூடிக் கலைந்தது போல இருந்தது.

கலைந்தது என்றுதான் சொல்ல வேண்டும். ஏனென்றால் 1894-ஆம் ஆண்டில் டர்பன் நகரில், வக்கீல் தொழில் தொடங்கிச் சில மாதங்களே ஆன மோகன்தாஸ் காந்தியின் அறைக்குள் ஒரு தமிழன் வந்து நின்றான். கிழிந்த உடை. முன்பற்கள் இரண்டு உடைந்து வாயில் ரத்தம். தலைத்துணி கையில். பெயர் பாலசுந்தரம். ஒப்பந்தக் கூலி. எஜமானன் அடித்துவிட்டான். காந்தியின் குமாஸ்தாவும் தமிழராக இருந்ததால் நடந்ததைக் கேட்டுச் சொன்னார். காந்தி முதலில் அவரை டாக்டரிடம் அழைத்துப் போனார். பிறகு மாஜிஸ்டிரேட்டிடம் போனார். சம்மனும் பிறந்தது.

ஆனால் காந்திக்கு வேண்டியது எஜமானனுக்குத் தண்டனை அல்ல, பாலசுந்தரத்துக்கு விடுதலை. அது மட்டும் முடியவில்லை! சாதாரண வேலைக்காரன் சொல்லாமல் வேலையை விட்டால் சிவில் வழக்கு. ஒப்பந்தக் கூலி விட்டால் குற்றம், சிறை. ஓலையில் யார் பெயர் இருக்கிறதோ அவர் இசைய வேண்டும். அல்லது பாதுகாவலர் ரத்து செய்ய வேண்டும். கடைசியில் என்ன ஏற்பாடு தெரியுமா? ஒப்பந்தத்தை வேறொரு எஜமானனுக்கு மாற்றுவது. அந்தப் புது எஜமானனும் வெள்ளைக்காரராகவே இருக்க வேண்டும். காந்தியின் ஆங்கில நண்பர் ஒருவர் பெரிய மனசு பண்ணி ஏற்றுக்கொண்டார். பாலசுந்தரத்தின் உடம்பு அடியிலிருந்து தப்பியது. ஆனால் ஓலை கிழியவில்லை. அதில் எஜமானன் பெயர்தான் மாறிற்று.

இதற்குள் நேட்டால் வெள்ளையர்களுக்கு வேறொரு கவலை பிறந்துவிட்டது. ஒப்பந்தம் முடிந்தவன் ஊருக்குத் திரும்பாமல் அங்கேயே தோட்டம் போடுகிறான், கடை வைக்கிறான்! வேலை செய்யும் கை வேண்டும். அந்தக் கைக்குச் சொந்தக்காரன் வேண்டாம். 1895-ஆம் ஆண்டில் சட்டம் செய்தார்கள். ஒப்பந்தம் முடிந்தபின் திரும்பியும் போகாமல், மறு ஒப்பந்தமும் எழுதாமல் இருப்பவன் வருஷத்துக்கு மூன்று பவுன் வரி கட்ட வேண்டும். மாதம் பத்துப் பன்னிரண்டு ஷில்லிங் பார்த்தவனுக்கு மூன்று பவுன், அதாவது 60 ஷில்லிங்! 1897-ஆம் ஆண்டில் இன்னொரு சட்டம் வந்தது. நேட்டாலுக்குள் வருகிறவன் ஐரோப்பிய மொழி ஒன்றில் எழுதத் தெரிந்தவனாக இருக்க வேண்டும். அப்படியானால் கரும்புத் தோட்டத்துக்கு வரும் கூலிகளுக்கும் இங்கிலீஷ் பரீட்சையா? இல்லை; ஒப்பந்தக் கூலிகளுக்கு விலக்கு! சொந்தக் காசில் சுதந்திர மனிதனாக வருகிறவனுக்குத்தான் பரீட்சை. மற்றவனுக்குத் தகுதி அவன் மேல் எழுதப்பட்டிருக்கும் ஓலைதான்.

தொழில் தெரிந்தவர்களுக்கோ தனி வரிசை. சமையற்காரர், ஹோட்டலில் பரிமாறுகிறவர், குமாஸ்தா முதலியோரை 'விசேஷ வேலைக்காரர்' என்ற பெயரில் அதிகச் சம்பளம் பேசிச் சேர்த்தார்கள். ஆனால் அவர்களுடைய ஓலையும் எஜமானன் பெட்டியில்தான் இருந்தது. 1911-ஆம் ஆண்டு ஜூலை முதல் தேதியோடு நேட்டாலுக்குக் கூலிகள் போவதை இந்தியா நிறுத்தியது. 1860-லிருந்து அதுவரை போனவர்கள் 1,52,184 பேர். அவர்களில் பெரும் பகுதியினர் சென்னையில் கப்பலேறியவர்கள். மூன்று பவுன் வரிக்கு எதிராக 1913-ஆம் ஆண்டில் அந்த மக்கள் வேலையை நிறுத்திவிட்டு நடந்த நடையும், தில்லையாடி வள்ளியம்மையின் தியாகமும் நாம் அறிந்தவை. அடுத்த ஆண்டில் வரி ஒழிந்தது.

தொழில் தெரிந்தவன், தெரியாதவன் என்று யார் பிரிப்பது? 1922-ஆம் ஆண்டின் இந்தியக் குடிபெயர்வுச் சட்டம் இதற்கு ஒரு விடை சொல்லிற்று. திறமையுள்ள வேலை எது? கைத்தொழில், குமாஸ்தா வேலை, கடைச் சிப்பந்தி வேலை, ஆட்டபாட்டக் காட்சிகளில் வேலை, ஓட்டலிலும் தேநீர்க் கடையிலும் சேவகம், வீட்டு வேலை. திறமையற்ற வேலை எது? விவசாயம்! நாற்றைத் தொட்டுப் பார்த்து வயதைச் சொல்லுகிறவன், காற்றைப் பார்த்து மழையைச் சொல்லுகிறவன் திறமையற்றவன். தேநீர்க் குவளையைக் கொண்டுவந்து வைப்பவன் திறமைசாலி!

சட்டம் எழுதியவர்களைப் பரிகாசம் செய்வது என் நோக்கமல்ல. அவர்கள் நினைத்தது நல்லதே. தோட்டக் கூலிகள்தான் அதிகம் மோசம் போனார்கள். ஆகவே 'திறமையற்றவர்' என்ற முத்திரை ஒரு கவசமாக இருக்கட்டும், சர்க்கார் அனுமதித்த நாட்டுக்கு மட்டும் அவர்கள் போகட்டும் என்று எண்ணினார்கள். அப்படி அனுமதி பெற்ற நாடுகளில் ஒன்று மலாயா. கங்காணி தன் சொந்தக் கிராமத்துக்கே வந்து உறவு முறை சொல்லி ஆள் சேர்த்தான். ஆவடியிலும் நாகப்பட்டினத்திலும் முகாம்கள் இருந்தன. ரப்பர் விலை ஏறினால் முகாம் நிரம்பும், இறங்கினால் காலியாகும். 1938-ஆம் ஆண்டில் இந்தியா சர்க்கார் அந்தக் கதவையும் சாத்தினார்கள். 1953-ஆம் ஆண்டில் மலாயாவின் புதிய சட்டம் வந்தது. இனிமேல் வெறும் கைகள் வேண்டாம், தொழில் தேர்ச்சியும் நல்ல சம்பளமும் உள்ளவர் மட்டும் வரலாம் என்றது. காட்டை வெட்டி ரப்பர் நட்டவர்களின் தம்பிமார்களுக்கு அந்தத் தகுதி எங்கிருந்து வரும்?

இதெல்லாம் பழங்கதை என்று நேயர்கள் நினைக்கலாம். கம்ப்யூட்டர் படித்து அமெரிக்கா போகும் பிள்ளைகளுக்கும் கரும்புக் கூலிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். சம்பளத்தில் சம்பந்தமே இல்லை, கௌரவத்திலும் இல்லை. சவுக்கடி என்ற பேச்சுக்கே இடமில்லை. ஆனால் கதவின் கீலும் தாழ்ப்பாளும் அதே மாதிரிதான். 1946-ஆம் ஆண்டுச் சட்டப்படி அமெரிக்காவில் குடியேற இந்தியர்களுக்குக் கிடைத்த இடம் வருஷத்துக்கு 100. 1965-ல் அந்தத் தடை நீங்கியது. 1990-ல் எச்-1பி விசா வந்தது; வருஷத்துக்கு 65,000 பேர். கம்ப்யூட்டர் கம்பெனிகள் ஆள் போதவில்லை என்றன. எண்ணிக்கை 1,15,000 ஆயிற்று. பிறகு 1,95,000 ஆயிற்று. தேவை தணிந்ததும் 2004-ல் மறுபடி 65,000. அங்கே மேல் படிப்பு முடித்தவர்களுக்குத் தனியாக 20,000. 2025-ஆம் ஆண்டு செப்டம்பரில் புது விண்ணப்பங்களுக்கு ஒரு லட்சம் டாலர் கட்ட வேண்டும் என்று ஜனாதிபதியின் உத்தரவு பிறந்தது.

இந்த விசாவுக்கு மனுப் போடுகிறவர் யார்? வேலைக்குப் போகிறவர் அல்ல, வேலை கொடுக்கிறவர். வேலை போனால் நாட்டில் தங்கும் உரிமையும் ஆட்டம் காண்கிறது. அறுபது நாள் வரை தவணை உண்டு என்று 2017-ல் ஒரு விதி வந்தது. அதற்குள் வேறு எஜமானர் மனுப் போட வேண்டும். பாலசுந்தரத்துக்குக் காந்தி தேடினாரே, அந்த மாதிரி ஒரு நண்பர் அகப்பட வேண்டும்.

வளைகுடா நாடுகளில் 'கபாலா' என்ற முறை இதைவிடக் கடுமை. வேலை கொடுப்பவரே தொழிலாளியின் பிணையாளர். பல காலம் அவருடைய சம்மதச் சீட்டு இல்லாமல் வேறு வேலைக்குப் போக முடியாது. 2020-ல் கத்தார் அந்தச் சீட்டை ஒழித்தது. 2021-ல் சவூதி அரேபியாவும் சில கட்டுகளைத் தளர்த்தியது. ஆனால் பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொள்வதும், ஊரில் காட்டிய ஒப்பந்தம் ஒன்று, அங்கே கையெழுத்து வாங்கும் ஒப்பந்தம் வேறு என்பதும் திரும்பத் திரும்ப வரும் புகார்கள். நம் நாட்டிலும் 1983-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. சென்னையில் குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகம் இருக்கிறது. பதிவு பெற்ற ஏஜெண்டுதான் ஆள் சேர்க்கலாம். அவர் வாங்கும் கட்டணத்துக்கும் வரம்பு உண்டு. சபை இருக்கிறது என்றுதான் சொல்ல வேண்டும். ஆனால் சபைக்குப் போக வேண்டியவனுக்கு அது இருக்கும் இடம் தெரிய வேண்டும். போகும்போது கையில் காட்ட ஏதாவது இருக்க வேண்டும்.

போகாதே என்று யாருக்கும் சொல்ல நான் முன்வரமாட்டேன். சுந்தரரையே ஓர் ஓலைதான் அழைத்துப் போயிற்று. அவர் கெட்டுப் போய்விடவில்லை. கடல் தாண்டிப் போனவர்கள் அனுப்பிய பணத்தால் இந்தப் பக்கத்தில் எழுந்த வீடுகளை நானே பார்த்தேன். கல்யாண வீடும் அவற்றில் ஒன்று. எஜமானர்கள் எல்லாரும் கெட்டவர்கள் என்பதும் அல்ல. நல்ல எஜமானருக்கு மூல ஓலையைக் காட்டுவதில் என்ன நஷ்டம்? இந்த ஊருக்கு வந்த கிழவரே காட்டினாரே!

கல்யாணப் பந்தியில் அந்த வெல்டர் இளைஞரைத் தற்செயலாக மறுபடி பார்த்தேன். பெண் வீட்டுக்கு ஏதோ தூரத்து உறவாம், பாயசம் பரிமாறிக்கொண்டிருந்தார். சாப்பாட்டுக்குப் பிறகு அவரைத் திண்ணையில் உட்காரவைத்து ஓலைக் கதையைச் சொன்னேன். அவர் அந்த ஊர்க்காரர். எனக்கு முன்பே அவருக்குக் கதை தெரியும். ஆனாலும் மரியாதைக்காக முழுவதும் கேட்டார். கேட்டுவிட்டுச் சிறிது நேரம் பேசாமல் இருந்தார்.

"கிழவர் ஒரிஜினலைக் காட்டினதால்தானே சார் சுந்தரர் பின்னாடி போனார்?" என்றார்.

"ஆமாம், தம்பி."

எழுந்து பந்தலுக்கு வெளியே போய் டெலிபோனில் யாருடனோ பேசினார். நாயனச் சத்தத்தில் பேச்சு எனக்குக் கேட்கவில்லை. நான் பஸ் ஏறும் சமயத்தில் ஓடி வந்து விஷயத்தைச் சொன்னார். ஒப்பந்தத்தைப் புறப்படுவதற்கு முன்பே படித்துப் பார்க்க வேண்டும், பாஸ்போர்ட்டைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று ஏஜெண்டிடம் கேட்டாராம். முதலில் கொஞ்சம் சத்தம் போட்டார்களாம். பிறகு திங்கட்கிழமை நேரில் வரச் சொல்லியிருக்கிறார்களாம்.

"தனியாகப் போகாதீர்கள். படிக்கத் தெரிந்த பெரியவர் யாரையாவது கூட்டிக்கொண்டு போங்கள்" என்றேன்.

"எங்க சித்தப்பா வரார் சார். அவர் ரிஜிஸ்தர் ஆபீஸ்ல பத்திரம் எழுதறவர்" என்றார் அவர்.

எனக்கு மனசுக்கு மிகவும் திருப்தியாக இருந்தது.